வீடு திரும்பியவருக்கு ஒரு டிரில்

பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த ஒரு காகிதம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். பாயசம் வைக்கும் நேரத்தில் சர்க்கரை தீர்ந்துபோய், கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். (அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.) காகிதத்தில் ஐந்தே வரிகள். பாராட்டு. புதுச் செய்தி. புரியாத விஷயம். குறை, கூடவே அதற்கு என்ன வேண்டும் என்பது. ஆசை. மேலே "தினசரி வெப்பநிலை" என்று தலைப்பு. பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலையோ என்று பார்த்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் கல்லூரிக்குப் போய் வருஷமாகிறது.

"இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"எங்க ரெண்டு பேருக்கும்தான். ராத்திரி காபி ஆறுவதற்குள் முடித்துவிடுவோம்" என்றார் அந்த அம்மா.

அவர் கணவர் ஈராக்கில் இரண்டு முறை இருந்துவிட்டு வந்தவர். அவரை சார்ஜென்ட் என்றும், இவரை டீச்சர் என்றும் வைத்துக்கொள்கிறேன். இருவரும் அந்த வேலைகளில் இருந்தவர்கள்தான். எழுதலாமா என்று கேட்டதற்கு, பெயர் மட்டும் வேண்டாம், மற்றதைத் தாராளமாக எழுது என்றார்கள்.

சான் அன்டோனியோ தன்னை ராணுவ நகரம் என்றே சொல்லிக்கொள்ளும் ஊர். ஃபோர்ட் சாம் ஹூஸ்டன், லாக்லண்ட், ராண்டால்ஃப் என்று சுற்றிலும் முகாம்கள். அமெரிக்க விமானப்படையில் சிப்பாயாகச் சேருகிறவர்கள் முதலில் வந்து இறங்குவது லாக்லண்டில்தான். எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீடுகளில் முன்னாள் படைவீரர்கள். வந்த புதிதில் என் கணவருக்கு இது விசித்திரமாக இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் பிறந்தது வேலூர்ப் பக்கம், கம்மவான்பேட்டைக்குக் கொஞ்சம் தள்ளி. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே கம்மவான்பேட்டைக்குப் பெயர். எங்கள் ஊரில் அவ்வளவு இல்லை என்றாலும் இரண்டு வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் உண்டு. அதில் ஒருவர் என் அப்பா.

அப்பா 1979ல் சேர்ந்து 1997ல் ஹவில்தாராக வெளியே வந்தார். ஆர்மி சர்வீஸ் கோரில் டிரைவர். ஸ்ரீநகரிலிருந்து லேவுக்குப் போகும் சாலையில், ஜோஜிலா கணவாயில் பனி விலகியிருக்கும் மாதங்களில், கான்வாயில் வண்டி ஓட்டியவர். எனக்குச் சின்ன வயதில் அப்பா என்றால் "56 ஏ.பி.ஓ." என்ற ராணுவத் தபால் நிலைய எண்ணில் முடிகிற ஒரு முகவரி. வருஷத்துக்கு 60 நாள் லீவு. ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஜம்முவிலிருந்து காட்பாடிக்கு வந்து இறங்குவார். கறுப்பு டிரங்குப் பெட்டி, அதில் வெள்ளை பெயிண்டில் நம்பரும் பெயரும். திறந்தால் ஆப்பிளும் வால்நட்டும் ரசகற்பூரமும் கலந்த வாசனை. 60 நாளும் திருவிழா. அப்புறம் அம்மா புளிக்காய்ச்சல் கிளறி மூன்று நாளைக்குக் கட்டிக் கொடுக்க, பெட்டி மறுபடியும் கிளம்பும்.

37 வயதில் அவர் ஒரேயடியாக வந்தபோது எனக்கு 13. அந்த வருஷத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் விஷயம். அப்பா குடிக்கிறவர் இல்லை, கைநீட்டுகிறவரும் இல்லை. காலை 5 மணிக்கு எழுந்து பாயைச் சுருட்டி, செருப்புகளை வரிசையாக வைத்து, அந்த வரிசை கலைந்தால் கேட்பார். எதைக் கேட்டாலும் மைதானத்தில் நின்று கேட்கிற குரல். அதுவரை 14 வருஷமாக அந்த வீட்டை நடத்தியவர் அம்மா. நிலத்தைக் குத்தகைக்கு விட்டது, சொசைட்டிக் கடன் வாங்கியது, அத்தை கல்யாணத்துக்கு முறை செய்தது, கிணற்றுக்கு மோட்டார் மாற்றியது எல்லாம் அம்மாதான். வந்த இரண்டாவது வாரம் அப்பா நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கணக்குக் கேட்டார். "அஞ்சு எச்.பி. மோட்டார் போடச் சொன்னது யார்?" என்றார். அம்மா பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த மோட்டார் சண்டை, ஒரு வார்த்தைகூடப் பேசாமலே, ஐந்தாறு வருஷம் ஓடியது. மோட்டார் அதற்கு முன்பே பழுதாகிவிட்டது.

பட்டாளம் அப்பாவை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பென்ஷன் உண்டு. கேன்டீன் கார்டு உண்டு. வெளியே வருமுன் மறுவேலைக்கான ஒரு பயிற்சியும் கிடைத்தது, செக்யூரிட்டி சூப்பர்வைசர் பயிற்சி. அதை வைத்துத்தான் அப்புறம் ஒரு வங்கியில் துப்பாக்கிக் காவலராகச் சேர்ந்தார். ஒரு கிராமத்துப் பையனைச் சிப்பாயாக்க மாதக்கணக்கில் டிரில். சிப்பாயை வங்கிக் காவலராக்க இன்னொரு பயிற்சி. அவரை மறுபடியும் ஒரு வீட்டுக்குள் உட்கார வைக்க யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. அவருக்கும் சொல்லவில்லை, வீட்டில் இருந்தவளுக்கும் சொல்லவில்லை.

அதனால்தான் அந்த ஃபிரிட்ஜ் காகிதம் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது.

டீச்சர் சொன்னதையும் பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கென்று தனித் துறை, தனி மருத்துவமனைகள் உண்டு. அவற்றில் சில, தம்பதிகளுக்கு என்று வார இறுதிப் பயிற்சி ஒன்றை நடத்துகின்றன. பெயர் "வாரியர் டு சோல்மேட்". டப்பிங் படத் தலைப்பு மாதிரி இருக்கிறது என்று நான் சிரித்தேன். சார்ஜென்ட்டும் அதே காரணத்துக்காக முதலில் வர மாட்டேன் என்றாராம். ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா என்ற ஊரின் மருத்துவமனையில், 2010ஐ ஒட்டிய வருஷங்களில் தொடங்கியது. தொடங்கியவர்கள் டாக்டர்கள் அல்ல, அந்த மருத்துவமனையின் மதகுருமார்கள். பாடம் அவர்கள் எழுதியதல்ல. லோரி கார்டன் என்ற குடும்ப ஆலோசகர் 1975ல் பல்கலைக்கழக வகுப்பாக ஆரம்பித்து, பிறகு "பேர்ஸ்" என்ற பெயரில் வளர்த்த பாடத்தின் சுருக்கம் அது. தினசரி வெப்பநிலை என்பது அதற்கும் முந்தையது, வர்ஜீனியா சட்டீர் என்ற புகழ்பெற்ற குடும்ப சிகிச்சையாளரிடமிருந்து வந்தது. ஆக, போருக்கும் இதற்கும் பிறப்பில் சம்பந்தமே இல்லை. சாதாரணத் தம்பதிகளுக்காகச் செய்த சட்டையைப் பட்டாளத்துக்காரர்களுக்குப் பிடித்துத் தைத்திருக்கிறார்கள்.

டீச்சர் அழைத்தார், மருத்துவமனையில் ஒரு சமூகப் பணியாளர் வற்புறுத்தினார், ஓட்டல் சாப்பாடு இலவசம் என்றும் சொன்னார்கள். மூன்றாவது காரணத்துக்காகத்தான் போனேன் என்று சார்ஜென்ட் இன்றைக்கும் சாதிக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனால் அந்த அரங்கில் பன்னிரண்டு ஜோடிகள். சார்ஜென்ட் எங்கே போனாலும் முதுகுக்குப் பின்னால் சுவர், கண்ணுக்கு நேரே வாசல் என்றுதான் உட்காருவார். அதற்காகவே அரை மணி நேரம் முன்னால் போயிருக்கிறார். போய்ப் பார்த்தால் சுவரோர நாற்காலிகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. அவரைப் போலவே இன்னும் எட்டு பேர் சீக்கிரம் வந்திருக்கிறார்கள். "அங்கேதான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது" என்றார் டீச்சர். "ஒன்பது வருஷமாக இது என் வீட்டில் மட்டும் நடக்கிற பைத்தியக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்."

பயிற்சி இப்படித்தான். இரண்டு நாற்காலியை முழங்கால் முட்டும் அளவுக்கு எதிரெதிரே போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். காகிதத்தில் இருக்கிற வரிசைப்படி ஒவ்வொன்றாகப் பேச வேண்டும். முதலில் பாராட்டு. சார்ஜென்ட் வெகு நேரம் யோசித்து, "வியாழக்கிழமை நீ என் வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வைத்திருந்தாய். நன்றி" என்றாராம். டீச்சருக்கு நெகிழ்ச்சியெல்லாம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு காலம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாயா என்று.

இரண்டாவது புதுச் செய்தி. அதைத் தாண்டிப் போகலாம். "நாளைக்குப் பல் டாக்டரிடம் போகிறேன்" வகை. ஆனால் இது இல்லாமல் எத்தனை வீடுகளில் ஒரே கூரைக்கடியில் இரண்டு பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வாழ்கிறார்கள் என்பது வேறு கதை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. புரியாத விஷயம். குற்றச்சாட்டாக இல்லாமல், எனக்கு இது விளங்கவில்லை என்று கேட்க வேண்டும். டீச்சர் கேட்டது: "ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கதவு கதவாக இழுத்துப் பார்க்கிறாயே, நான் பூட்டியது உனக்குப் போதாதா?" தன்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று அத்தனை வருஷமும் டீச்சர் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். சார்ஜென்ட் சொன்ன பதில் இரண்டே வரி. "நீ பூட்டினாய் என்று எனக்குத் தெரியும். சுற்றி வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்." இந்த இரண்டு வரிக்கு ஓட்டல், மதகுரு, அச்சடித்த பாடப் புத்தகம் எல்லாம் தேவைப்பட்டிருக்கிறது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதுவும் கிடைக்கவில்லை என்பதால் நான் சிரிக்கவில்லை.

நான்காவது குறை. இதில் ஒரு நிபந்தனை உண்டு. குறையைச் சொன்னால் அதற்குப் பதில் என்ன வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். ஈராக்கில் சாலையோரக் குண்டுக்குப் பயந்து கான்வாய்கள் நடு ரோட்டிலேயே வேகமாகப் போகும். ஓரத்தில் கிடக்கிற குப்பை மூட்டையோ செத்த நாயோ எதுவும் குண்டாக இருக்கலாம். அந்தப் பழக்கத்தில் சார்ஜென்ட் டெக்சாஸ் நெடுஞ்சாலையிலும் கோட்டின் மேலேயே ஓட்டுவார், பாலத்துக்கு அடியில் போகும்போது சட்டென்று தடம் மாறுவார். டீச்சரின் குறை அது. கேட்டது என்ன? "இனிமேல் நான் வண்டியில் இருந்தால் நான்தான் ஓட்டுவேன்." கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அவர்கள் வண்டி கிளம்பும்போது பார்க்கிறேன், டீச்சர்தான் ஓட்டுகிறார். சார்ஜென்ட் பக்கத்தில் உட்கார்ந்து சாலை ஓரத்தைப் பார்த்துக்கொண்டே போகிறார்.

அப்பாவும் டிரைவர் என்று சொன்னேன் அல்லவா. 2018ல் அப்பாவும் அம்மாவும் எங்களோடு ஆறு மாதம் இருந்தார்கள். அப்பாவுக்கு இங்கே ஒரே நண்பர் சார்ஜென்ட். அப்பாவின் ஆங்கிலம் பட்டாளத்து ஆங்கிலம், பாதி இந்தி. சார்ஜென்ட்டுக்கு இந்தி சுத்தமாகக் கிடையாது. ஆனால் சார்ஜென்ட்டின் பழைய லாரி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் மணிக்கணக்கில் நிற்பார்கள். அப்பா சக்திமானைப் பற்றிச் சொல்வார். ஜபல்பூர் தொழிற்சாலையில் செய்த அந்த லாரியில்தான் அவர் பாதி வாழ்க்கையைக் கழித்தார். ஒருநாள் சாயங்காலம் டீ கொண்டுபோன என்னைப் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அதற்குள் அப்பா வலது கையைச் சாலையாக நீட்டி, இடது கையை வண்டியாக அதன்மேல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். இடது கை மெதுவாகப் போனது. ஒரு வளைவு. அப்புறம் அந்தக் கை வலது கையின் விளிம்பிலிருந்து சரிந்து கீழே போனது. அப்பா மூன்று விரலைக் காட்டினார். "முன்னாடி போன வண்டி" என்றார் என்னிடம், தமிழில். "நான் ரெண்டாவது வண்டி."

சார்ஜென்ட் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது ஏலகிரி. நான் பத்தாவது படிக்கும்போது குடும்பமாகப் போயிருந்தோம். 14 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் அப்பா டிரைவருக்கு நேர் பின்னால்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தியது, பிரேக்கை மிதிப்பது மாதிரி. மேலே போய்ச் சேரும்போது சட்டை நனைந்திருந்தது. அம்மா அதற்கு, "ஊர் சுத்த வந்த இடத்துலயும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு பாரு" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள்?

திரும்பவும் பயிற்சிக்கு வருகிறேன். இன்னொரு பயிற்சியின் பெயர் உணர்ச்சிக் குடம். ஒருவர் கேட்க வேண்டும், ஒருவர் சொல்ல வேண்டும். "உனக்கு எதற்கெல்லாம் கோபம்?" என்று ஆரம்பம். சொன்னதும், சொன்னதற்கு நன்றி, வேறு எதற்குக் கோபம் என்று கேட்க வேண்டும். மறுபடியும் வேறு என்ன. கோபம் வற்றிய பிறகு, எதற்கெல்லாம் வருத்தம்? பிறகு, எதற்கெல்லாம் பயம்? கடைசியில் எதற்கெல்லாம் சந்தோஷம்? கேட்கிறவர் இடையில் பதில் சொல்லக் கூடாது, நியாயம் பேசக் கூடாது, "அது அப்படி இல்லை" என்று ஆரம்பிக்கவே கூடாது. குடம் காலியாகும்வரை கவிழ்த்துப் பிடிக்க வேண்டியதுதான் வேலை.

டீச்சர்கள் இதில் தோற்றுவிடுவார்களாம், திருத்தாமல் இருக்க முடியாது. சார்ஜென்ட் முதல் முறையிலேயே அசத்தியிருக்கிறார். "இது ரேடியோ மாதிரிதான்" என்றார் என்னிடம். "எதிர்ப்பக்கம் செய்தி வருகிறது. கிடைத்தது என்று சொல்கிறாய். அடுத்ததை அனுப்பு என்கிறாய். நடுவில் உன் கருத்தை யார் கேட்டது?"

எனக்கு இந்தப் பயிற்சிகளைப் பற்றி ஒரு முடிவு உண்டென்றால் அது இந்த ரேடியோ பேச்சில் இருக்கிறது. உள்ளே இருப்பதைக் கொட்டு, மனம்விட்டுப் பேசு என்று சொன்னால் சார்ஜென்ட் மாதிரி ஆள், அப்பா மாதிரி ஆள், எழுந்து போய்விடுவார். மனம்விட்டுப் பேசுவது அவர்களுக்குத் தெரிந்த வேலை இல்லை. டிரில் தெரியும். வரிசை தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னால் காலை 5 மணிக்குக்கூடச் செய்வார்கள். ஐந்து வரிக் காகிதம் வெளியிலிருந்து பார்த்தால் அசட்டுத்தனமாகத்தான் இருக்கிறது, அணிவகுப்பும் அப்படித்தான். இன்னொன்று, இது இரண்டு பேருக்கும் ஒரே டிரில். மருத்துவமனைக்குப் போனால் அவர் நோயாளி, அவள் உடன் வந்தவள். இங்கே இருவருமே பயிற்சிக்கு வந்தவர்கள். அவள் தனியாக வீட்டைக் கட்டி ஆண்ட வருஷங்களும் சேவைக் கணக்கில் வருகின்றன. இந்த நாட்டில் முன்னாள் படைவீரர்களில் பெண்களே சுமார் 20 லட்சம் பேர் இருக்கிறார்கள், அதனால் "அவர் போனார், அவள் காத்திருந்தாள்" என்ற கணக்கு எல்லா நாற்காலிக்கும் பொருந்தாது. எங்கள் தெருக் கோடி வீட்டில் போர்முனை நர்ஸாக இருந்தவர் மனைவி, பிள்ளைகளை வளர்த்தவர் கணவர்.

சரி, இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருகிறதா? அளந்து பார்த்திருக்கிறார்கள், ஆனால் அளந்தது வேறு பயிற்சியை. அமெரிக்கத் தரைப்படை, பணியில் இருக்கிறவர்களுக்காக "ஸ்ட்ராங் பாண்ட்ஸ்" என்று மதகுருமார்களை வைத்து நடத்தியது. டென்வர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதில் சீட்டுக் குலுக்குவது மாதிரித் தம்பதிகளைப் பிரித்து, ஒரு பாதிக்குப் பயிற்சி கொடுத்து, மறு பாதியை அப்படியே விட்டார்கள். ஒரு முகாமில் 476 ஜோடிகள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பயிற்சி பெற்றவர்களில் விவாகரத்து ஆனவர்கள் நூற்றுக்கு 2, பெறாதவர்களில் 6. இரண்டு வருஷம் கழித்து 8க்கு 15 என்ற அளவில் இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இன்னொரு முகாமில் அதே பயிற்சிக்கு இந்தப் பலன் தெரியவில்லை. உறவு எவ்வளவு இனிமையாக இருக்கிறது என்று கேட்டபோதும் இரண்டு வருஷ முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. பிரியவில்லை, ஆனால் பிரமாதமாகவும் இல்லை. எத்தனையோ கல்யாணங்களை இந்த வரியில் அடக்கிவிடலாம்.

போரின் பாதிப்பு ஆழமாக இருந்தால் வார இறுதி வகுப்பு போதாது. 1980ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மனதில் தங்கிவிடும் பாதிப்பு) என்ற பெயரே ஏறியது. அதற்கு முன் வியட்நாமிலிருந்து வந்தவர்களுக்கு இருந்தது வெறும் கெட்ட சுபாவம், எங்கள் ஊரில் "மிலிட்டரிக்காரன் கோபம்" என்பது மாதிரி. இப்போது அதற்கென்றே தம்பதி இருவரையும் சேர்த்து உட்கார வைத்துச் செய்யும் சிகிச்சை உண்டு, 15 அமர்வு. கேண்டிஸ் மான்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 40 ஜோடிகளிடம் அதைச் சோதித்து 2012ல் வெளியிட்டார்கள். நோயும் குறைந்தது, பாதிக்கப்பட்டவருக்கு வீட்டில் இருந்த திருப்தியும் கூடியது. கெட்ட கனவு கணவனுக்கு வந்தாலும் தூக்கம் கெடுவது இருவருக்கும்தானே.

சார்ஜென்ட் அந்த வகுப்புக்கு அப்புறம் குணமாகிவிட்டாரா என்று யாரும் கேட்டால், இல்லை. ஜூலை 4, இந்த ஊர் சுதந்திர தினம், வெடிச் சத்தம் கேட்க ஆரம்பித்தால் இன்றைக்கும் அவர் கராஜுக்குள் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு எதையாவது ராவிக்கொண்டிருப்பார். முதல் வருஷம் எங்கள் வீட்டுத் தீபாவளிக்கு, ஊர்ப் பாசத்தில் நாங்களும் பின்கட்டில் நாலு வெடி வெடித்துத் தொலைத்தோம். மறுநாள் டீச்சர் வந்து, கோபமே இல்லாமல், "அடுத்த முறை தேதி மட்டும் சொல்லிவிடு" என்றார். குறை, கூடவே என்ன வேண்டும் என்பது. அப்போது எனக்கு அந்தக் காகிதம் தெரியாது. எவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார் என்று மட்டும் நினைத்தேன். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் மத்தாப்பு மட்டும்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடிக்கிற வீட்டுக்கு இந்தக் காகிதம் உதவாது, ஆபத்து. குறையை வாய்விட்டுச் சொல்வது பல்லுக்குக் கேடாக முடியும் வீட்டில், முழங்கால் முட்ட உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள் என்று சொல்வது கொடுமை. அதற்கு இங்கே "ஸ்ட்ரெங்த் அட் ஹோம்" என்று தனியாக 12 வாரப் பயிற்சி இருக்கிறது, பாஸ்டனில் இருக்கும் படைவீரர் மருத்துவமனை ஆய்வாளர்கள் உருவாக்கியது. கைநீட்டுகிறவர்களை மட்டும் குழுவாக உட்கார வைப்பது, மனைவியை அல்ல. எங்கள் ஊரில் நான்கு வீடு தள்ளி ஒரு பெரியம்மா இருந்தார். கேன்டீன் ரம் வரும் வாரத்தில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் வந்து படுத்துக்கொள்வார். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அம்மா பாயை எடுத்துப் போடுவாள், அவ்வளவுதான். அந்தப் பெரியப்பா கார்கில் போனவர் என்று ஊரே பெருமையாகச் சொல்லும்.

படித்ததையெல்லாம் வைத்துக்கொண்டு நானும் வீட்டில் ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். என் கணவர் எந்தப் போருக்கும் போனவர் இல்லை, கம்ப்யூட்டர் வேலை. நாற்காலியை எதிரெதிரே போட்டதுமே, "என்ன ஆச்சு, யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார். பாராட்டு என்று ஆரம்பித்தேன். "நீங்க நேத்து பாத்திரம் கழுவினதுக்கு நன்றி" என்று தமிழில் சொன்னால் நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பது மாதிரி இருக்கிறது. நம் வீடுகளில் பாராட்டுக்கு வேறு மொழி. இன்னொரு தோசை கேட்டால் அது பாராட்டு. "ரசம் பரவாயில்ல" என்றால் அது பொன்னாடை. அம்மா அப்பாவை வாழ்நாள் முழுக்க "இந்தாங்க" என்றும், அப்பா அம்மாவை "ஏய், எங்க இருக்க?" என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர்களைக் கையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே உட்காரச் சொன்னால் இருவருமே எழுந்து ஓடிவிடுவார்கள். இந்தப் பயிற்சியைத் தமிழில் கொண்டுவருவதென்றால் முதலில் மாற்ற வேண்டியது நாற்காலியைத்தான் என்று தோன்றுகிறது. எதிரெதிரே வேண்டாம், திண்ணையில் பக்கத்துப் பக்கத்தில், இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு. கையில் ஒரு முறம் கீரை இருந்தால் இன்னும் நல்லது. அப்பாவும் சார்ஜென்ட்டும் பேசியது அப்படித்தானே, இருவரும் இன்ஜினைப் பார்த்துக்கொண்டு.

ஆனால் குடத்தை விடவில்லை. போன மாதம் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அப்பா பென்ஷன் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அப்பா பட்டாளத்திலிருந்து வந்த வருஷத்தைக் கேட்டேன். அதெல்லாம் எதுக்கு இப்போ என்றாள். "சும்மா சொல்லும்மா. எதுக்கெல்லாம் கோபம் வந்துச்சு?"

மோட்டாரில் ஆரம்பித்தாள். நான் எதிர்பார்த்ததுதான். அப்பா பாவம் அவருக்கென்ன தெரியும் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. சார்ஜென்ட்டை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். "சரி. வேற?"

கணக்கு நோட்டு. செருப்பு வரிசை. அத்தை எதிரில் சத்தம் போட்டது. வேற? ஏலகிரி. வேற? கடிதத்தில் அத்தனை அன்பாக எழுதின மனுஷன் நேரில் வந்ததும் நாலு வார்த்தை பேசாதது. "லெட்டர் வந்துக்கிட்டிருந்தப்பவே நல்லா இருந்துச்சு" என்றாள், சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். இப்படியே முக்கால் மணி நேரம். கோபத்தையும் வருத்தத்தையும் அவள் பிரிக்கவில்லை, நானும் பிரிக்கச் சொல்லவில்லை.

வேற என்று கேட்டபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அப்போ எனக்கு ஒரு நெனப்பு" என்றாள். "பென்ஷன்ல வந்துட்டாருன்னு தெரியும். பேப்பரெல்லாம் பாத்தாச்சு. ஆனா மனசு லீவுல வந்திருக்காருன்னே நாள் எண்ணிக்கிட்டு இருந்துச்சு. அம்பத்தெட்டு, அம்பத்தொன்பதுன்னு. அறுபது முடிஞ்ச அன்னிக்கு வெடிகாலையில எழுந்து, என் கை பாட்டுக்குப் புளிக்காய்ச்சல் கிளறிடுச்சு. பெரிய வாணலி நெறைய."

"அப்பா என்ன சொன்னாரு?"

"வந்து வாணலியப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. எந்த டிரெயினுன்னு கேட்டாரு."

"நீ?"

"என்னத்தச் சொல்றது? மதியத்துக்கு அதையே கலந்து போட்டேன். மூணு நாளைக்கு வந்துச்சு."